எங்கள் பிரிவுக்கு வரும் முன்பே

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "இன்னும் சில இயந்திரங்களை வாங்கினால் என்ன, டாக்டர்?" கேள்வி நியாயமானது. வாரம் இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கழிப்பவர்களுக்குக் காத்திருப்பும் சேர்ந்தால் பெரும் வேதனைதான். ஆயினும், சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் அரசிடம் முதலில் கேட்க விரும்புவது வேறொன்று.

இங்கு வருவோரில் பலருக்கு நோய் தொடங்கியது பல ஆண்டுகளுக்கு முன்பு. சர்க்கரை நோயாகவோ இரத்தக் கொதிப்பாகவோ, வலி ஏதுமின்றி. அப்போது தேவைப்பட்டவை சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும், ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினின் அளவும், இடையில் நின்றுபோகாத மாத்திரையும்தான். இவற்றுக்கு நிபுணர் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே மருத்துவர் சில ஆண்டுகள் நிலைத்திருந்து, "போன மாதம் ஏன் வரவில்லை?" என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமென்றால் எத்தனை பேர் தொடர்வார்கள்? மாத்திரையை நிறுத்தியவரைக் கடிந்துகொள்வது எளிது, நாங்களும் கடிந்திருக்கிறோம். 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு சென்றதை நாங்கள் வரவேற்பது இதனால்தான்.

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாகவும், நிதியில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாகவும் கூறியது. ஆண்டு கடந்துவிட்டது, அந்த 2.5 விழுக்காட்டை நாடு எட்டவில்லை. 2018இல் வந்த தேசியக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. அதனால் உயிர் பிழைத்தோரை நாங்கள் அறிவோம். ஆனால் மாதந்தோறும் புறநோயாளியாக வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. படுத்தால்தான் பணம் என்பது விசித்திரமான கணக்கு.

எங்கள் பிரிவுக்கு வரக்கூடிய நிதியை நாங்களே வேறு பக்கம் திருப்பிவிடுகிறோம் என்று சக மருத்துவர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும்.

உங்களை இங்கு அழைத்து வரும் மகனோ மகளோ தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஊர் சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அங்கு மருத்துவர் இல்லை, மாத்திரை இல்லை என்றால் அடுத்த முறை வரும்போது எங்களிடம் கூறுங்கள். மாவட்ட சுகாதார அலுவலருக்கு நாங்கள் எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.