பின்னுக்குக் கோணல், முன்னுக்குக் காரணம்

மொன்றியலில் வளர்ந்த எங்களுக்கு ஒரு சின்ன வசதி இருக்கிறது. காரின் அடியில் தொங்கும் அந்தப் புகைப்பெட்டிக்கு ஆங்கிலத்தில் மஃப்ளர் என்று பெயர். இங்கே பிரெஞ்சுக் கராஜில் சிலான்சியு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கட அப்பாமார் சைலன்சர் என்பார்கள். ரொறன்ரோவில் அப்பா "சைலன்சர் பழுது தம்பி" என்று சொன்னால் மெக்கானிக் முழுசுவான். இங்கே பாதிச் சொல்லிலேயே விளங்கிவிடும்.

சத்தத்தை அடக்கத்தான் அந்தப் பெயர் வந்தது. இப்போது சத்தத்தைக் கூட்டுவதற்கென்றே சைலன்சர் விற்கிறார்கள், எங்கட பிள்ளையள் அதைக் காசு குடுத்து வாங்குகினம். கார் கொம்பனி போட்டதைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிப் பூட்டும் இந்த 'ஆஃப்டர்மார்க்கெட்' எக்ஸோஸ்ட் பற்றித்தான் இந்த மாதப் பத்தி. சத்தம் பற்றி உங்கள் வீட்டில் ஏற்கெனவே சண்டை நடந்திருக்கும், அதை விடுவம். குழாய் கோணலாக நின்றால் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

அக்காவின் மகனுக்கு 20 வயது. சம்மர் வேலைக் காசைச் சேர்த்து, இந்த வசந்தத்தில் ஒரு 2017 ரொயோட்டா 86 வாங்கினான். இரண்டு கதவு, பின்சில்லு ஓட்டுகிற கார், சுபாரு பிஆர்இசட்டின் கூடப்பிறந்தது. வெளி எக்ஸோஸ்ட்டை முந்தின சொந்தக்காரரே பூட்டியிருந்தார். பின்பக்கம் இரண்டு வாய். இடது வாய் ஒரு விரல் தடிப்புக்குக் கீழே தொங்கியது, வலது வாய் பம்பரில் முட்டிக்கொண்டு நின்றது. அக்காவுக்குச் சத்தம்தான் பிரச்சினை. "இவன் நியூமன் புல்வாரில திரும்பேக்கையே எனக்குக் குசினிக்குள்ள கேக்குது" என்று போனில் சொன்னா. எனக்கு உறுத்தியது வலதுபக்க பம்பர். வெள்ளைப் பெயின்ற் பழுப்பேறி, பிளாஸ்ரிக் ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது.

ஏற்கெனவே ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறான். பெயர் தேவையில்லை. "இந்தக் கிற் எல்லாம் இப்படித்தான் வரும், பின்பக்கத்தை வெட்டி வெல்ட் பண்ணிவிடலாம்" என்று சொல்லிச் சில நூறு டொலர் கேட்டிருக்கிறார்கள். வெட்டி ஒட்டினால் வாய் நேராகும்தான். ஏன் கோணியது என்ற கேள்வி மட்டும் காருக்கு அடியிலேயே கிடக்கும்.

இதில் விளங்கவேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் கோணலைப் பார்ப்பது பின்னால். அது பிறக்கிற இடம் பெரும்பாலும் முன்னால், இரண்டு குழாய் சேருகிற பொருத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். பொருத்தில் இருந்து வாய்வரை ஒன்றரை மீட்டர் என்றால், அங்கே ஒரு பாகை சரிந்தால் இங்கே 26 மில்லிமீட்டர் விலகும். குழாய் சரியாமல் தன் அச்சில் ஒரு பாகை முறுகினாலே போதும்: ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வாயில் ஒன்று ஏறும், மற்றது இறங்கும், வித்தியாசம் 17 மில்லிமீட்டர். போல்ட் ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தாலே ஒரு பாகை வந்துவிடும். அதனால்தான் வாயைப் பிடித்து இழுத்து, அடியில் கம்பி கட்டி நேராக்குவது வேலைக்காகாது. றப்பர் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பழைய இடத்துக்கே வந்து நிக்கும்.

சனிக்கிழமை எங்கட வீட்டு ட்ரைவ்வேயில் வைத்துப் பார்ப்பம் என்று சொன்னேன். முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடிக்கச் சொன்னேன். ஏழெட்டுக் குளிர்காலம் கியூபெக் உப்பில் ஓடின கார், போல்ட்டுகள் தேன்கூடு மாதிரித்தான் இருக்கும். அவசரப்பட்டு முறித்தால் போல்ட் உடைந்து வேலை இரட்டிப்பாகும்.

தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜக் தூக்குவதற்கு மட்டும்தான். அடியில் போகிறதென்றால் ஸ்ராண்ட் வைத்து, காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இந்தக் காரில் ஹாண்ட்பிறேக் பின்சில்லைத்தான் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி போய்விடும். ஆகவே முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை. கோடையில் தார் இளகும், ஸ்ராண்டின் கால் உள்ளே இறங்கும், கீழே தடித்த பலகை வையுங்கள். எக்ஸோஸ்ட் முழுக்க ஆறியிருக்கவேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "யூரியூபில பாத்தனான்" என்று பதில் வரும்.

அன்று பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். 90களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். பெற்றோல் தடைக்காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டின ஆட்களில் ஒருவர். சைலன்சருக்குக் கஸ்கெட் கிடைக்காத காலம், கிடைத்த தகரத்தை வெட்டிப் போட்டு ஓடினவை. கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நாங்கள் தூக்கி முடிய, ரோர்ச் லைற்றை வாங்கிக் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, வாயைப் பாக்காதை. அந்த நடுப் பொருத்தில கரி பிடிச்சிருக்கு, பார்."

பார்த்தோம். நடுக் குழாயும் பின் சைலன்சரும் சேருகிற பொருத்தில், ஒரு பக்கம் மட்டும் கறுப்புக் கரி விசிறி மாதிரிப் படிந்திருந்தது. கரி இருந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். கழற்றினால் உள்ளே இரண்டு கஸ்கெட். யாரோ பழைய கஸ்கெட்டைச் சுரண்டாமல், அது பாதி ஒட்டியபடி இருக்க, புதியதை மேலே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் இடைவெளி. கோணலும் ஒழுக்கும் ஒரே இடத்தில் பிறந்திருக்கின்றன. பின்பக்கத்தை வெட்டி வெல்ட் பண்ணியிருந்தால் வாய் அழகாக நின்றிருக்கும், ஒழுக்கு அப்படியே இருந்திருக்கும்.

"மாமா, சத்தம் இதாலயும் கூடியிருக்குமா?" என்று கேட்டான்.

"கூடியிருக்கும். உனக்குப் பிடிச்ச சத்தத்தில கொஞ்சம் ஓட்டைச் சத்தம்."

முகம் போன போக்கைப் பார்க்கவேணும்.

இந்த ஒழுக்கை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், எக்ஸோஸ்ட்டில் கார்பன் மொனொக்சைட் வருகிறது. நிறமும் மணமும் இல்லை. தலையிடி, நித்திரைத் தூக்கம், சத்தி வருகிற மாதிரி இருக்கும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். குழாயின் வாயில் வெளியேறவேண்டிய புகை காரின் நடுப்பகுதியில் ஒழுகினால், நின்றுகொண்டு ஓடும் காரில் அது கீழேயே தேங்கும். ட்ரங்கின் றப்பர் பழுது, தரையில் ஒரு துருவோட்டை, இவை போதும் உள்ளே வர. 2016 ஜனவரியில், நியூ ஜெர்சியின் பசேய்க் நகரில், தகப்பன் காரைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருக்க, சூட்டுக்காக ஓடவிட்ட காருக்குள் இருந்த தாயும் ஒரு வயதுக் குழந்தையும் இறந்துபோனார்கள். சைலன்சர் வாயைப் பனி மூடியிருந்தது.

ஜனவரிக் காலையில் பிள்ளையை உள்ளே இருத்தி, காரை ஸ்ராட் பண்ணிவிட்டு, நாங்கள் வெளியில் நின்று கண்ணாடி சுரண்டுவதில்லையா? முதலில் வாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளுங்கள், பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். ரொயோட்டா 86 மாதிரிப் பதிந்த காரில், அதிலும் ஒரு வாய் தொங்கிக்கொண்டு நின்றால், கொஞ்சப் பனியே அடைக்கப் போதும். கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கிற வீடென்றால் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கா, வேலை செய்யுதா என்று பாருங்கள்.

இனி வேலைக்கு வருவம். பொருத்தின் இரண்டு முகத்தையும் கம்பிப் பிறஷால் பளபளக்கும்வரை தேய்த்து, ஒரே ஒரு புதிய கஸ்கெட். போல்ட், நட் எல்லாம் புதியது, மரையில் இறுகாமல் இருக்கப் பூசும் செம்புப் பசை. அதற்கு முன்னுக்குள்ள பொருத்துகளையும் இளக்கினோம். குழாய் முழுவதும் கையால் திருப்பினால் திரும்புகிற அளவுக்கு, விழுகிற அளவுக்கு அல்ல. ஒரு பொருத்தை இறுக்கமாக விட்டுவிட்டு மற்றதை நேராக்கப் பார்த்தால், அது திரும்பவும் தன் கோணலுக்கே இழுக்கும்.

தொங்கும் றப்பர்களைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், ஒரு பக்கத்து ஓட்டை மற்றப் பக்கத்தை விட நீண்டிருந்தால், சோடியாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும். சவர்க்காரத் தண்ணீர் பூசினால் கம்பியில் இலகுவாக ஏறும், எண்ணெய் வேண்டாம், றப்பர் ஊதிவிடும். இவனின் இடதுபக்க றப்பர் இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. மொன்றியல் றோட்டுக் குழிகளுக்கு நன்றி.

பிறகு முன்னிருந்து பின்னுக்கு. முன் பொருத்தை விரலால் இறுக்கி, நடுக் குழாயை வைத்து, ட்ரைவ் ஷாஃப்ட், பிறேக் குழாய், பெற்றோல் ராங் எல்லாவற்றிலும் இருந்து ஒரு விரல் இடைவெளி இருக்கா என்று பார்த்து, கடைசியில்தான் வாய். சரி வந்தபின் அதே ஒழுங்கில் இறுக்கவேண்டும். ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாமல், இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று.

வாய்க்கும் பம்பருக்கும் இடையில் அழகுக்காகக் கிட்டக் கிட்ட வைக்கச் சொல்லி நச்சரித்தான். விடவில்லை. ஸ்ரெயின்லெஸ் குழாய் சூட்டில் நீளும். இரண்டு மீட்டர்க் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். ஆறியிருக்கும்போது ஒட்டி நிற்பது, ஹைவேயில் அரை மணித்தியாலம் ஓடினால் பம்பருக்குள் போகும். அந்தப் பழுப்பு நிறம் வந்த கதை அதுதான்.

பலர் விடுகிற ஒன்று: கார் ஸ்ராண்டில் நிற்கும்போது பின்சில்லு தொங்கும், அதோடு கீழ்க்கைகளும் இறங்கும். அப்போது இடைவெளி இருக்கிற மாதிரித் தெரிகிற இடம், சில்லு நிலத்தில் பட்டதும் முட்டலாம். இறக்கிய பிறகு, சில்லை றாம்பில் ஏற்றி, இன்னொரு தரம் கீழே பாருங்கள். குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், எங்கேயும் டங் என்று அடிக்கக்கூடாது.

ஒழுக்கு நின்றுவிட்டதா என்று பார்க்க, கராஜுக்குள் அல்ல, வெளியில், எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஸ்ராட் பண்ணவேண்டும். ஒருவர் தடித்த கையுறை போட்டு, மடித்த துணியால் வாயைச் சில செக்கன் மட்டும் மறிக்க, மற்றவர் பொருத்துப் பக்கம் காது குடுக்கவேண்டும். இரண்டு வாய் என்றால் இரண்டையும் மறிக்கவேண்டும். உஸ் என்றால் ஒழுக்கு. சித்தப்பா புறங்கையைப் பொருத்துக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு சாண் விலக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றார். துணியைவிட எனக்கு அந்தக் கையில் நம்பிக்கை.

சட்டமும் சொல்லவேண்டும். கியூபெக்கின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் 258ஆம் பிரிவில் எக்ஸோஸ்ட் பற்றிப் பேசுகிறது, பொலிஸ் மறித்தால் அபராதம் வரலாம், சிறு பழுதென்றால் 48 மணிநேர அறிவித்தல் தந்து திருத்திக் காட்டச் சொல்லலாம். ஆனால் இங்கே தனியார் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை இல்லை. ஒருவரிடம் இருந்து ஒருவர் வாங்கும் பழைய காரின் அடியை ஒருவரும் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓடலாம். இவனின் இரண்டு கஸ்கெட்டும் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. காற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றிய கார் என்றால் நான் தொடவே மாட்டேன், அது சட்டத்துக்கும் விரோதம், வீட்டு நெஞ்சுகளுக்கும் கேடு. வெளி எக்ஸோஸ்ட் பூட்டியிருப்பதை இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லியாச்சா என்பதையும் பிள்ளையிடம் கேளுங்கள்.

இரண்டு வாயும் இப்போது ஒரே உயரத்தில் நிற்கின்றன. சத்தம் கொஞ்சம் குறைந்ததாக நான் சொல்கிறேன், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பம்பரின் பழுப்பு போகாது, அதை அவன் அப்படியே விட்டிருக்கிறான்.

சூடேறி ஆறிய பிறகு போல்ட்டுகள் இளகும். ஆகவே ஒரு 200 கிலோமீட்டர் ஓடியபின், குளிராக இருக்கும்போது, முன்னிருந்து பின்னுக்கு இன்னொரு தரம் இறுக்கிப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு, டிசம்பர் 1க்கு முன்னம் குளிர்கால ரயர் மாற்றக் காரைத் தூக்கும்போது, பொருத்துகளில் புதிதாகக் கரி பிடித்திருக்கா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தால் போதும்.