வாசலில் ஆள் இல்லாத வயதுச் சான்று

2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்த்தது. 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெரியவர் துணையில்லாமல் கடைகளுக்கு அனுப்பி, '17 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்று உறையிலேயே அச்சிட்டிருந்த வீடியோ கேம்களை வாங்கிவரச் சொன்னது. நூற்றுக்கு 85 பேரால் வாங்க முடிந்தது. அதே சோதனையை அந்த ஆணையம் விடாமல் தொடர்ந்தது. 2003இல் 69 பேர், 2006இல் 42 பேர், 2008இல் 20 பேர், 2010இல் 13 பேர் என்று எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. அதே 2010இல் பெரியவர்களுக்கான சினிமா டிவிடியை நூற்றுக்கு 38 பிள்ளைகளால் வாங்க முடிந்திருக்கிறது.

வயது ரேட்டிங் எல்லாம் வெறும் ஒட்டுச்சீட்டு, பிள்ளைகள் எப்படியும் விளையாடத்தான் போகிறார்கள் என்று கையை விரிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். பத்தே ஆண்டுகளில் ஒரு பெரிய நாட்டின் கடைவீதிப் பழக்கம் மாறியது. மாற்றியது அச்சிட்ட எழுத்து மட்டுமில்லை. விற்கும் இடத்தில் 'உனக்குத் தர முடியாது' என்று சொல்ல ஓர் ஆள் நின்றார். அவர் அப்படிச் சொல்கிறாரா என்று சோதிக்க இன்னோர் ஆள் வந்தார். இந்த இருவரும் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இல்லை. இருவரையும் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இந்த ஏற்பாடு பிறந்த கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1993இல் 'மார்ட்டல் காம்பேட்' என்ற சண்டை விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. நிண்டெண்டோ தன் பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. சேகாவின் பதிப்பிலோ ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் தெறித்தது. கூடவே 'நைட் டிராப்' என்ற இன்னொரு விளையாட்டும் சர்ச்சையில் சிக்கியது. அந்த டிசம்பரில் ஜோ லீபர்மேன், ஹெர்ப் கோல் என்ற இரு செனட்டர்கள் விசாரணை நடத்தினார்கள். அவர்கள் முன்னிலையிலேயே நிறுவனங்கள் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டன. நீங்களே ஒழுங்குமுறை வகுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வகுப்போம் என்பது செனட்டர்கள் விட்ட எச்சரிக்கை. 1994இல் இ.எஸ்.ஆர்.பி. என்ற தரமதிப்பீட்டு வாரியத்தைத் தொழில்துறையே அமைத்தது.

முதல் சில ஆண்டுகள் அந்த ரேட்டிங் உறையில் மட்டும்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு அறிக்கையில் கமிஷன் ஆராய்ந்த, 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான 118 விளையாட்டுகளில் 83 விளையாட்டுகளை நிறுவனங்கள் சிறுவர்களைக் குறிவைத்தே விளம்பரப்படுத்தியிருந்தன. உறையில் ஒன்றும் விளம்பரத்தில் வேறொன்றுமாக இரட்டை வேடம் போட்டன. கமிஷனிடம் இதற்காக அபராதம் விதிக்கும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. அது செய்ததெல்லாம் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பியதும், கிடைத்த எண்ணை ஊரறிய வெளியிட்டதும்தான். கடைகள் கூச்சப்பட்டன. கல்லாவில் இருப்பவர் வயதுக்கு ஆதாரம் கேட்கத் தொடங்கினார். கேம் கன்சோல்களும் ரேட்டிங்கைப் படித்துப் பூட்டிக்கொள்ளும் வசதியோடு வந்தன. பெற்றோர் ஒரு ரகசிய எண் வைத்துவிட்டால் போதும்.

கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் ஒரு படி மேலே போய், வன்முறை விளையாட்டுகளைச் சிறார்களுக்கு விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம் என்று சட்டம் இயற்றியது. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. வீடியோ கேமும் கருத்துரிமைக்குள் வரும் படைப்புதான் என்றும், அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வன்முறையாளர்கள் ஆகிறார்கள் என்பது நிறுவப்படவில்லை என்றும் நீதிபதி ஸ்கேலியா எழுதிய தீர்ப்பு சொன்னது. அதை நாம் மதிக்கிறோம். திரையில் ரத்தம் பார்த்த பிள்ளை நாளை கத்தி எடுப்பான் என்ற பயமுறுத்தலில் நமக்கும் நம்பிக்கையில்லை. அதே தீர்ப்பு இன்னொன்றையும் கவனித்தது: தொழில்துறையின் ரேட்டிங் முறை கடைகளில் உண்மையிலேயே நடைமுறையில் இருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது கமிஷனின் கணக்கெடுப்பைத்தான்.

அதன் பிறகு கடையே காணாமல் போனது.

இன்று விளையாட்டு கைப்பேசிக்குள் இலவசமாக இறங்குகிறது. கூகுள் பிளே ஸ்டோரில் 2015 முதல் ஐ.ஏ.ஆர்.சி. என்ற பன்னாட்டு முறை நடப்பில் இருக்கிறது. விளையாட்டைத் தயாரித்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்; பதில்களைப் பொறுத்துத் தானாகவே வயது எண் விழுகிறது. லட்சக்கணக்கில் குவியும் செயலிகளை ஆட்கள் உட்கார்ந்து பார்த்து முடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை விளையாடுபவரின் வயதோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளை விளையாடுவது அப்பாவின் அல்லது அம்மாவின் கைப்பேசியில். கணக்கு பெரியவருடையது. ஆகவே ஸ்டோரின் கண்ணுக்கு அங்கே விளையாடுவது நாற்பது வயதுக்காரர். பிள்ளைக்கே தனிக் கைப்பேசி இருந்தாலும், பிறந்த ஆண்டைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 12+, 16+, 18+ என்ற எண்கள் பதிவிறக்கப் பொத்தானுக்கு அருகே சிறிய எழுத்தில் கிடக்கின்றன. அவற்றை யாரும் படிப்பதில்லை. படிக்காததால் எதுவும் தடைபடுவதும் இல்லை.

இப்படிப்பட்ட வெற்று எண் தீமையாகவே முடியலாம். 7 முதல் 17 வயது வரையிலான 310 நெதர்லாந்துப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது. விளையாட்டின் மேல் ஒட்டியிருந்த வயது வரம்பு கூடக்கூட, அதை விளையாடும் ஆசையும் பிள்ளைகளுக்குக் கூடியது. ரேட்டிங்கே வேண்டாம் என்பவர்கள் இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நாம் அதிலிருந்து எடுக்கும் முடிவு வேறு. வயது எண் ஆசையைத் தூண்டுகிறது என்றால், தடுக்க ஆளில்லாத இடத்தில் அதை ஒட்டுவது விளம்பரமாகிவிடுகிறது. கடையில் ஆள் இருந்த காலத்தில் அந்த ஆசைக்கு ஓர் எல்லை இருந்தது.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது. ரேட்டிங் முறை அளப்பதற்குக் கற்றுக்கொண்டவை ரத்தம், நிர்வாணம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் ஆகியவை. 1993இன் கவலைகள் அவை. இன்று பிள்ளையைப் பிடித்திழுப்பது விளையாட்டின் வியாபார ஏற்பாடு. லூட் பாக்ஸ் என்ற பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது. ஃபிஃபா கால்பந்து விளையாட்டில் காசு கொடுத்து வாங்கும் வீரர் பொட்டலங்கள் இதே வகைதான். ரத்தம் இல்லை, வசைச் சொல் இல்லை. ஆகவே ஐரோப்பாவின் பெகி அமைப்பு அதற்கு ஆண்டுதோறும் கொடுத்த ரேட்டிங் '3 வயது முதல்'. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் ஃபிஃபா 18 உள்ளிட்ட விளையாட்டுகளின் இந்தப் பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. ஒரே பொருள் ஒரு மேசையில் மழலையர் விளையாட்டு, இன்னொரு மேசையில் சூது.

'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்கு அமெரிக்காவில் 13 வயது ரேட்டிங். அதன் நிறுவனமான எபிக் கேம்ஸ், அதே ஃபெடரல் டிரேட் கமிஷனின் புகார்களைத் தீர்க்க 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 27.5 கோடி டாலர் பிள்ளைகளின் அந்தரங்கத் தகவல் சட்டத்தை மீறியதற்கு, 24.5 கோடி டாலர் தெரியாமல் பொத்தானை அழுத்தவைத்துப் பறித்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி பிள்ளைகளுக்கும் தானாகவே திறந்திருந்தது என்பதும் கமிஷனின் குற்றச்சாட்டு. இந்தத் தீங்குகளில் எதையும் அந்த 13 என்ற எண் முன்கூட்டிச் சொல்லவில்லை. 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் நிறுவனமும் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டியது. 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் உட்பட்டது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய தர்க்கம் அல்ல. 2003இல் இந்த மாநிலம் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. அன்றாடக் கூலியைச் சுரண்டிப் பார்த்தே இழந்த குடும்பங்களை நாம் கண்ணால் பார்த்திருந்தோம். 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' விளையாட்டில் காசு கட்டி டைமண்ட் டாப்-அப் செய்து, எது விழும் என்று தெரியாத 'ஸ்பின்' சக்கரத்தைச் சுற்றும் எட்டாம் வகுப்புப் பையன் சுரண்டுவதும் அப்படி ஒரு சீட்டைத்தான். லாட்டரியில் பரிசு விழுந்தால் பணமாவது கிடைக்கும். இங்கே விழுவது துப்பாக்கிக்கு ஒரு புது வண்ணம்.

ரேட்டிங் முறையைத் தவறாக அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2013 வரை அங்கே சினிமாவுக்கு 18+ வகை உண்டு, வீடியோ கேமுக்குக் கிடையாது. உச்சமே 15+ தான். பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லித்தான் அப்படி வைத்திருந்தார்கள். நடந்தது நேர்மாறு. சில விளையாட்டுகள் நாட்டுக்குள் வரவே முடியவில்லை. வேறு பல, பிரிட்டனில் 18 வாங்கிய 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' போன்றவை, 15க்குள் நுழைந்துகொண்டன. பெரியவர்களுக்கு என்று ஒரு கதவு இல்லாததால் பெரியவர்களின் விளையாட்டு பிள்ளைகளின் கதவு வழியாகவே வந்தது. 18+ கொண்டுவர எல்லா மாநில அட்டர்னி ஜெனரல்களும் ஒப்ப வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் முடியாது. ஆண்டுகள் வீணாயின. அதே ஆஸ்திரேலியா பாடம் கற்றுக்கொண்டது. 2024 செப்டம்பர் முதல், காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி இருந்தால் குறைந்தபட்சம் 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைக்கும் 'எம்' வகை, சூதாட்டத்தைப் போலச் செய்யும் விளையாட்டுக்கு 18+ என்று விதித்திருக்கிறது. ஜெர்மனியும் 2023 முதல் இந்த வியாபார ஏற்பாடுகளை ரேட்டிங்கில் சேர்த்துக் கணக்கிடுகிறது.

இந்தியாவில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் உண்டு. ஓ.டி.டி. தொடர்களுக்கு 2021 விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என ஐந்து வகை உண்டு. 2025இல் 'கூலி' படத்துக்குக் கிடைத்த ஏ சான்றிதழை எதிர்த்துத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் வெளிப்படை: திரையரங்க வாசலில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். வாசலில் ஆள் இருக்கும் சான்றிதழுக்குத்தான் அந்த மதிப்பு. வீடியோ கேமுக்கு அப்படி எதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்ததை வரவேற்கிறோம். மற்ற விளையாட்டுகள் வயதுக்கேற்றவையாக இருக்க வேண்டும் என்று விரும்பும் அந்தச் சட்டம், எந்த வயதுக்கு எது என்ற படிநிலையைத் தன் வாசகத்தில் வகுக்கவில்லை.

மத்திய அரசு அந்தப் படிநிலையை வகுக்க வேண்டும். அதில் ரத்தத்துக்கு இருக்கும் இடம், காசு கொடுத்துச் சுற்றும் ஸ்பின்னுக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசும் வசதிக்கும் இருக்க வேண்டும். ஸ்பின் உள்ள விளையாட்டு எதுவாக இருந்தாலும், திரையில் பூவும் பொம்மையும் மட்டுமே தெரிந்தாலும், 18+ தான். எச்சரிக்கை வாசகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும், டாப்-அப் செய்யும் திரையிலேயே வர வேண்டும். காவல் நிற்கும் பொறுப்பு கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் உரியது. ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு எடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வயது கேட்கும் கடமை. கைப்பேசியை முதன்முதலில் இயக்கும்போதே 'இதைப் பிள்ளை பயன்படுத்துமா' என்று கேட்டு, பெற்றோர் சொல்லும் வயதைப் பூட்டிவிட முடியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2025இல் செயலிக் கடைகள் மீதே வயதறியும் பொறுப்பைச் சுமத்திச் சட்டம் இயற்றிவிட்டது. இங்கேயும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் அதற்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. அந்த வேலையோடு இதையும் சேர்த்துச் செய்வதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

பிள்ளைகளின் ஆதாரை ஒவ்வொரு கேம் நிறுவனத்திடமும் கொடுக்கச் சொல்லும் யோசனையை நாம் ஏற்கவில்லை. அது ஒரு தீங்கைத் தடுக்க இன்னொரு தீங்கை வரவழைக்கும். 'இவர் 13க்குக் கீழே' என்ற ஒரு குறிப்பு விளையாட்டுக்குப் போனால் போதும். நள்ளிரவுப் பூட்டு போன்ற மொத்தத் தடைகளும் வேண்டாம். 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை விளையாடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்ட தென்கொரியா, பத்தாண்டுகள் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டது.

பெற்றோரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதம் நியாயமாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தாயிடம், அவர் படிக்காத மொழியில், அவருக்குக் காட்டாத இடத்தில் ஓர் எண்ணை ஒட்டிவிட்டு, கவனிக்காதது உன் தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் கையில் பூட்டைக் கொடுத்த பிறகுதான் பொறுப்பைக் கேட்கலாம்.

டெல்லி அந்தப் படிநிலையை வகுக்கும்வரை சென்னை காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் ஏற்கெனவே இயங்குகிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இடமில்லை என்றும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்றும் அது வகுத்த விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. இலவசம் என்று சொல்லி நுழையும் விளையாட்டுகளின் ஸ்பின்களையும் அந்த ஆணையம் தன் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும். அரசுப் பள்ளிகளில் எந்தெந்த விளையாட்டுக்கு எவ்வளவு டாப்-அப் போகிறது என்று பிள்ளைகளிடமே கேட்டு, நிறுவனங்களின் பெயரோடு பட்டியலை இந்தக் கல்வியாண்டுக்குள் வெளியிட வேண்டும்.