வெள்ளை வேட்டி நீலமாவது ஏன்?

கல்யாண வீட்டுப் படங்கள் வந்து சேர்ந்ததும் வீட்டுப் பெண்கள் முதலிற் பார்ப்பது மணமக்களின் முகத்தை. அடுத்துப் பார்ப்பது கூறைச் சேலையின் நிறத்தை. கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்தெடுத்த அரக்குச் சிவப்புக் கூறை ஒரு படத்திற் செங்கல் நிறமாகவும், மறு படத்தில் ஊதா கலந்தும் நிற்கும். மாப்பிள்ளையின் வேட்டி ஓரிடத்தில் மஞ்சள், ஓரிடத்தில் நீலம். கமரா சரியில்லை என்பார் ஒருவர். பிடித்தவர் சரியில்லை என்பார் மற்றவர். சீனன்குடாவிலும் அயலூர்களிலும் கமராவும் கையுமாகத் திரியும் நம் மாணவர்கள் சிலர் இதன் காரணத்தைக் கேட்டிருப்பதால், இவ்வாரம் அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் கண்ணும் மூளையும் சேர்ந்து நாம் அறியாமலே ஒரு வேலையைச் செய்கின்றன. முற்றத்து வெயிலில் வெள்ளையாகத் தெரிந்த வேட்டியை இரவில் மஞ்சள் மின்குமிழின் கீழும் வெள்ளையென்றே காண்கிறோம். அக்குமிழின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. ஆகவே வேட்டியிலிருந்து கண்ணுக்கு வருவது உண்மையில் மஞ்சள் கலந்த ஒளியே. கண்ணோ அந்த ஒளிக்குப் பழகி, மஞ்சளைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. நிறத்தை உணரும் மூவகைக் கலங்களும் தத்தம் கூர்மையைத் தனித்தனியே மாற்றிக்கொள்வதால் இது நிகழ்கிறதென்று வொன் கிறீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1902 இல் விளக்கினார். கமராவுக்கு இப்பழக்கம் கிடையாது. வந்த ஒளியை வந்தபடியே அது பதிந்துகொள்ளும். இன்ன ஒளியில் இதுதான் வெள்ளை என்று அதற்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பையே வெள்ளைச் சமநிலை என்கிறோம்.

மூளையின் தள்ளுபடி எத்துணை வலியது என்பதற்கு 2015 பெப்ரவரியில் உலகெங்கும் பரவிய ஒரு படம் சான்று. ஸ்கொட்லாந்தில் நடக்கவிருந்த திருமணமொன்றுக்கென எடுத்த உடையின் படம் அது. நீலமும் கறுப்பும் என்றனர் ஒரு சாரார். வெள்ளையும் பொன்னிறமும் என்று சாதித்தனர் மற்றவர். உடை உண்மையில் நீலமும் கறுப்புமே. அது நீலம் பாய்ந்த நிழலில் நிற்பதாக எண்ணிய மூளை நீலத்தைக் கழித்து வெள்ளையைக் கண்டது. மஞ்சள் விளக்கின் கீழ் நிற்பதாக எண்ணிய மூளை மஞ்சளைக் கழித்து நீலத்தைக் கண்டது. ஒளி இன்னதென்று தெரியாவிடின் நிறமும் தெரியாது.

ஒளியின் நிறத்தை அளக்க வெப்பநிலையின் அலகாகிய கெல்வினையே எடுத்துக்கொண்டனர். கொல்லன் உலையிற் காயும் இரும்பை நினைத்துக்கொள்க. முதலிற் சிவக்கும், பின் மஞ்சளாகும், மேலும் காய்ந்தால் வெண்மையை நெருங்கும். மெழுகுவர்த்தியின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய இழைக் குமிழ் 2800, நண்பகல் வெயில் 5500, முகில் மூடிய வானம் 6500. வெயில் படாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழலோ 7000, 8000 என்று ஏறும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் நீலத்துக்குப் பெரிய எண்ணும், வெதுவெதுப்பான மஞ்சளுக்குச் சிறிய எண்ணும் வருவது மாணவர்களைக் குழப்புவதுண்டு. உலையை நினைத்தாற் குழப்பம் தீரும்.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் சீனன்குடா விமானத்தளத்தைத் தாக்கின. அக்காலத்து யுத்தப் படங்களைப் பார்க்கும்போது இந்தத் தொல்லை ஒன்றும் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வெளிச்சமும் நிழலுமே கணக்கு. வர்ணப் பிலிம் வந்தபின்னரே வில்லங்கம் தொடங்கிற்று. வெயிலுக்கென 5500 கெல்வினுக்கு ஒரு சுருளும், படப்பிடிப்புக்கூட விளக்குக்கென 3200 கெல்வினுக்கு வேறொரு சுருளும் விற்றார்கள். சுருள் மாறினால் வர்ணக் கண்ணாடி பொருத்திச் சரிக்கட்ட வேண்டும். இன்றைய கமராவில் ஒரு பொத்தானில் அது முடிகிறது. பொத்தானைத் தொடுவோர்தாம் குறைவு.

இனி நம் ஊருக்கு வருவோம். சீனன்குடாவின் ஒளி ஒரே தன்மையதன்று. கச்சான் வீசும் மாதங்களில் வானம் நீலம் தெறிக்கும். வெயிலில் நிற்பவருக்கும் வேம்பின் நிழலில் நிற்பவருக்கும் இடையே இரண்டாயிரம் கெல்வினுக்கு மேல் வேறுபாடு இருக்கும். நிழலில் நிற்பவர் மீது வானத்து நீலம் போதாதென்று இலையின் பச்சையும் படியும். இந்தப் பச்சையைக் கெல்வின் எண்ணால் மட்டும் நீக்க முடியாது. பச்சைக்கும் செவ்வூதாவுக்கும் இடையே நகரும் இரண்டாவது அளவொன்று நல்ல கமராக்களில் உண்டு. வாடைக்கால முகிலோ இவ்வளவு தொல்லை தராது. முகில் முழுவதும் ஒரே விளக்காகி எங்கும் சமமாக ஒளி விழுவதால், குடும்பப் படம் எடுக்க அதனினும் நல்ல நேரம் இல்லை என்பது நம் கருத்து. (விமானப்படைத் தளம் அமைந்த ஊராகையால், வெளியே கமராவைத் திறக்குமுன் எங்கே படம் எடுக்கலாம் என்று கேட்டறிதல் நன்று.)

பெரிய சிக்கல் கல்யாண மண்டபத்திலேதான். கதவு வழியே குடாப் பக்கத்து வானொளி வருகிறது, கூரையில் 6500 கெல்வின் வெள்ளைக் குழல் விளக்குகள், மணவறையில் 2700 கெல்வின் மஞ்சள் மின்குமிழ்கள், எதிரே குத்துவிளக்கு, இவற்றுக்கு மேல் வீடியோக்காரரின் விளக்கு. மணமகளின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். இங்கே எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் கெடும். ஒரு படத்துக்கு ஒரு சமநிலைதான் கொடுக்க முடியும். எனவே முதல் வேலை கமராவில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. மண்டபக்காரரிடம் சொல்லி ஒருவகை விளக்கை அணைக்கச் செய்யலாம். கதவுத் திரையை இழுக்கலாம். அன்றேல் மணமக்களைக் கதவுப் பக்கம் திருப்பி வானொளியையே முதன்மையாக்கலாம். மின்னல் விளக்கு 5500 கெல்வினை ஒட்டியது. மஞ்சள் மண்டபத்தில் அதனை அப்படியே அடித்தால் முகம் வெளுத்து, பின்புறம் செம்மஞ்சளாகும். செம்மஞ்சள் நிறத் தாளொன்றை அதன்மேற் போர்த்தினால் இரண்டும் இணங்கும். ஒன்றும் செய்ய இயலாதபோது முகத்தில் எந்த ஒளி விழுகிறதோ அதற்கே சமநிலையைக் கொடுங்கள். சுவர் நீலமாயிருந்தாற் குற்றமில்லை.

கூறையின் சிவப்பு மங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் சிலவற்றின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத சிவப்பை எந்தச் சமநிலையும் கொண்டுவராது. விளக்குப் பெட்டியில் கெல்வினோடு நிறம் காட்டும் திறனுக்கான எண்ணும் சில வேளை அச்சிட்டிருக்கும். அது 90 க்கு மேலிருந்தால் நன்று. மேலும், நம் நாட்டு மின்சாரத்தில் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடியில் நூறிலொரு பங்கிலும் விரைவாகக் கமராவை மூடினால், அடுத்தடுத்த படங்கள் நிறம் மாறி வரக்கூடும்.

வெள்ளை எதுவென்று காட்ட வெள்ளை வேட்டியையே காட்டலாமே என்பார்கள். ஆகாது. நம் வீடுகளில் வேட்டிக்கு நீலம் போடுகிறோம். சவர்க்காரத் தூளிலும் கடதாசியிலும் நீலமாக ஒளிரும் பொருளைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு அது தூய வெண்மை. கமராவுக்கு நீலம் கலந்த வெள்ளை. அதை நம்பிக் கமரா நீலத்தைக் கழித்தால் முகம் மஞ்சளாகும். இதற்கென்றே விற்கும் 18 வீதச் சாம்பல் அட்டையை மணமகளின் முகத்தருகே, முகத்தில் விழும் ஒளியே அதிலும் விழுமாறு பிடித்து ஒரு படம் எடுத்து, அதையே அளவாக வைக்க வேண்டும். ஒளி மாறினால் மறுபடியும் அட்டை. பதப்படுத்தாத மூலக்கோப்பாகச் சேமித்தால் பின்னரும் திருத்தலாம்.

தானியங்கிச் சமநிலை பல நேரம் உதவும். ஆனால் அது ஊகிக்கும் இயந்திரம். படத்திலுள்ள நிறங்களையெல்லாம் கூட்டினாற் சாம்பல் வரவேண்டும் என்பது அதன் பழைய கணக்கு. குடாவின் நீலநீர் படம் முழுவதையும் நிரப்பினால், கரையில் நிற்கும் பிள்ளையை அது மஞ்சளாக்கிவிடும். 2020 செப்டெம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சன் பிரான்சிஸ்கோ நகரின் வானம் செம்மஞ்சளாயிற்று. மக்கள் கைத்தொலைபேசியிற் பிடித்த படங்கள் பலவற்றில் அவ்வானம் சாம்பலாகவே வந்தது. தம்பலகாமத்துப் பக்கம் சூரியன் சாயும் வேளையிலும் இதே கதி நேரலாம். அப்போது தானியங்கியை நிறுத்தி 5500 இல் வையுங்கள். பொன்வெயிலிற் பொன்னிறம் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளைச் சமநிலை என்பது முகத்தை வெள்ளையாக்குவதன்று. கொடாக் நிறுவனம் வர்ணப்பட அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷேர்லி' மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத்தோற் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரியென்று கொண்டார்கள். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990 களிலேதான் வந்தது. இன்று அந்த அட்டை போயும், மணமகளின் மாநிறத்தை வெளுத்துக் காட்டும் வேலையை நம்மவரே விரும்பிச் செய்கின்றனர். யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் படப்பெட்டிகளை இழந்த குடும்பங்கள் திருகோணமலையில் ஏராளம். கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைக்கு அம்மம்மாவின் நிறம் எஞ்சிய படத்திலிருந்தே தெரியப்போகிறது. அதை மாற்றி அனுப்ப நமக்கு என்ன உரிமை?

படத்தைத் திருத்த உட்காருவோர் முதலில் திரையைக் கவனிக்க. இரவானதும் தானே மஞ்சளாகும் ஏற்பாடு இப்போது பல கைத்தொலைபேசிகளிலும் கணினிகளிலும் உண்டு. அதை நிறுத்தாமல் நிறம் பார்த்தால், இரவிற் சரியென்று அனுப்பிய கூறை காலையில் நீலம் பாய்ந்து நிற்கும்.