தொட்டுப் படிக்கும் கணக்கு

'சேரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்ற பேச்சை நம்மில் பலர் வகுப்பறையிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இன்றைக்கு அதை அப்படி நேராகச் சொல்வது குறைந்திருக்கிறது. 'மெல்லக் கற்கும் பிள்ளை' என்கிறார்கள், 'வீட்டுச் சூழல் சரியில்லை' என்கிறார்கள். பழி மட்டும் இன்னும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

இந்தக் 'கணக்கு வராது' பெரும்பாலும் இட மதிப்பில்தான் தொடங்குகிறது. 'முந்நூற்று ஐந்து' எழுதச் சொன்னால் பிள்ளை 3005 என்று எழுதும். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: முந்நூறு, பக்கத்தில் ஐந்து. இதில் மடத்தனம் எதுவும் இல்லை. பழைய தமிழ் எண்களில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. முந்நூற்று ஐந்தை மூன்று, நூறு, ஐந்து என்ற குறிகளால் எழுதினார்கள், பூஜ்யம் தேவைப்படவில்லை. நிற்கும் இடத்தை வைத்து இலக்கத்தின் மதிப்பு மாறும் என்பது தானாகக் கண்ணில் படுகிற விஷயம் இல்லை. யாராவது காட்டித் தர வேண்டும்.

காட்டுவதற்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு, அது நூறு. முந்நூற்று ஐந்து என்றால் பெரிய கட்டு மூன்று, சின்னக் கட்டு எதுவும் இல்லை, உதிரி ஐந்து. நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்துக்குத்தான் பூஜ்யம் என்பது கட்டி அடுக்கிய பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

கழித்தலையும் பாருங்கள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று சொல்லித் தருகிறோம். யாரிடம் கடன், எப்போது திருப்பித் தருவது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. குச்சியில் செய்தால் கடன் என்ற பேச்சே வராது. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் இருக்கின்றன. ஏழு எடுக்க உதிரி பற்றாது என்பதால் தன் கட்டு ஒன்றையே அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மிச்சமுள்ள நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பொருள்கள் பள்ளிக்கு வருகின்றன. ஆனால் நாங்கள் போகும் பள்ளிகள் சிலவற்றில் அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன, அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வருகின்றன. இன்னும் சில இடங்களில் ஒரு பிள்ளை முன்னால் நின்று செய்து காட்டும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஒரு பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது, கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. கணக்குத் தெரிந்தும் அவர் பலகையைத் தொடுவதுதான் அங்கே பிரச்சினையாக இருந்தது. குச்சியும் மணியும் கைக்குக் கை மாறும் பொருள்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து ஒரே கட்டைக் கட்டி அவிழ்க்கும் வகுப்பில் கணக்கோடு இன்னொன்றும் கற்றுத் தரப்படுகிறது. அப்படி உட்கார வைக்க மறுக்கும் வகுப்பிலும் ஒன்று கற்றுத் தரப்படுகிறது.

இட மதிப்பு தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்தை முதலாளியின் நோட்டில் எழுதும்போது 5000-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் கூடினால், ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு போய்விடும். அந்த நோட்டை வாங்கிப் படித்து 'இது தப்பு' என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

குச்சி மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டியதை உடனே எழுத வேண்டும், எழுதியதைக் கட்டிக் காட்ட வேண்டும், ஏன் என்று பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு குச்சி இல்லாமலே போட வேண்டும். இல்லையென்றால் அது வெறும் விளையாட்டாக நின்றுவிடும்.

தோழர்களே, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கற்பிக்கச் சொல்கிறது. 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், அதில் நம் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தெருவின் அம்மாக்களோடு போங்கள். பீரோ திறந்திருக்கிறதா, பொருள் எல்லார் கைக்கும் போகிறதா, பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மாலை நேர மையம் நடத்துபவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு விளக்குமாற்றைப் பிரித்தால் நாளைக்கே வகுப்பைத் தொடங்கலாம்.