திட்டுவதற்கேனும் ஓர் அணி

'தமிழனுக்குக் கிரிக்கெட் போதும். ஹாக்கிக்கு ஏது ரசிகர்?' என்று எழுதும் மேதைகளுக்கு அமராவதிபுதூரிலிருந்து நாங்கள் சொல்வது: ரசிகர் இருக்கிறோம், அணிதான் நிலைப்பதில்லை. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தந்த சென்னை வீரன்ஸை நேசித்தோம். 2008உடன் அந்த லீக்கே நின்றது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியின் சென்னை சீட்டாஸ். ஒரே பருவத்தோடு சரி. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் 2017 வரை தமிழகத்துக்கு இடமே இல்லை. 2024 டிசம்பரில் அந்த லீக் மீண்டபோது தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது. (டிராகனுக்கும் தமிழுக்கும் என்ன உறவோ!) அப்பருவத்தில் ஓர் ஆட்டமும் இம்மண்ணில் நடக்கவில்லை. ரூர்கேலாவைத் தொலைக்காட்சியில் பார்த்தே கைதட்டினோம். மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடம் தோற்றதையும் தாங்கிக்கொண்டோம். தோல்வி எங்களுக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் அதே பெயரைச் சொல்லித் திட்டவாவது ஓர் அணியை விட்டுவைத்தீர்களா?