ஒரு மாகாணம், ஒரு குடும்பம்

ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் பாண்டென் என்றொரு மாகாணம். வடக்கே தாங்கெராங்கில் செருப்பு ஆலைகள், துணி ஆலைகள், சிலெகோனில் உருக்காலை. தெற்கே லெபாக், பாண்டெக்லாங் ஜில்லாக்களில் வயலும் வறுமையும். இந்தோனேசியாவில் ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கையெழுத்துப் போடுபவர் மாகாணக் கவர்னர். எனவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது அங்குள்ள உழைப்பாளிக்குச் சோற்றுப் பிரச்னை. ராத்து அத்துத் கோசியா அம்மையார் அதில் அமர்ந்த கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1998-ல் சுகார்த்தோவின் சர்வாதிகாரம் வீழ்ந்தது. ஜாகர்த்தாவில் குவிந்து கிடந்த அதிகாரத்தைப் பிரித்துக் கொடு என்ற குரல் வென்றது. 2000-ல் மேற்கு ஜாவாவிலிருந்து பாண்டென் தனி மாகாணமாயிற்று. ஆனால் ஜாகர்த்தாவை விட்டுக் கிளம்பிய அதிகாரம் குடிசைக்கு வந்து சேரவில்லை. ஹசன் சோகிப் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. யார் இந்த சோகிப்? பெரிய கண்ட்ராக்டர்; 'ஜவாரா' எனப்படும் தற்காப்புக் கலை வீரர்கள், அடியாட்களின் தலைவர். அவர் மகள்தான் அத்துத்.

2002-ல் துணைக் கவர்னர். 2005-ல் கவர்னர் ஊழல் வழக்கில் சிக்கவே, பொறுப்புக் கவர்னர். 2006 தேர்தலில் ஜெயித்து கவர்னர். 2011-ல் மீண்டும் அவரே. அந்த நேரத்தில் குடும்பத்தைப் பாருங்கள்! கணவர் பார்லிமெண்டில். மகன் மாகாணப் பிரதிநிதிகள் சபையில். தங்கை செராங் ஜில்லாவின் துணைத் தலைவர். மாற்றாந்தாய் மகன் செராங் நகர மேயர். தம்பி மனைவி ஐரின் தென் தாங்கெராங் மேயர். சிற்றன்னை பாண்டெக்லாங் துணைத் தலைவர். தம்பியோ கண்ட்ராக்டர்! டெண்டர் விடும் கையும் எடுக்கும் கையும் ஒரே வீட்டில்.

இதே காலத்தில், 2012 ஜனவரியில், லெபாக்கில் பள்ளிப் பிள்ளைகள் சிபெராங் ஆற்றின்மேல் அறுந்து சாய்ந்த தொங்கு பாலத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன படங்களை உலகமே பார்த்தது.

அதே லெபாக்கில்தான் அம்மையாரின் கணக்கும் தீர்ந்தது. 2013 ஜில்லாத் தலைவர் தேர்தல் தகராறில் தங்களுக்கு வேண்டியவருக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற, அரசியல் சட்டக் கோர்ட்டின் தலைவர் அகில் மொக்தாருக்கு 100 கோடி ருப்பியா லஞ்சம்! அக்டோபரில் மொக்தார் பிடிபட்டார். டிசம்பரில் கவர்னரும் சிறை புகுந்தார். 2014-ல் 4 வருஷம் தண்டனை. 2015-ல் சுப்ரீம் கோர்ட் அதை 7 ஆக்கியது. வைத்தியக் கருவிகள் வாங்கியதில் சர்க்காருக்கு ஏறக்குறைய 7,900 கோடி ருப்பியா நஷ்டம் என்ற வழக்கில் 2017-ல் மேலும் ஐந்தரை வருஷம். ஆஸ்பத்திரிக் கருவியில் அடித்த கொள்ளை யாருடைய பணம்? தனி டாக்டரிடம் போக வழியில்லாத ஏழை நோயாளியின் பணம்.

லெபாக்குக்கு இது புதிதல்ல. 1856-ல் அங்கிருந்த டச்சு அதிகாரி டௌவெஸ் டெக்கர், ஜில்லாத் தலைவர் குடியானவர்களிடம் கூலியில்லா வேலை வாங்குகிறார் என்று புகார் எழுதினார். மேலிடம் அசையவில்லை. டெக்கர்தான் வேலையை விட்டுப் போனார். இந்த முறை குற்றவாளி சிறைக்குப் போனார். இது முன்னேற்றம்தான்.

ஆனால் தலையை வெட்டினால் வேர் சாகுமா? பதவியில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 2015-ல் சட்டம் வந்தது. அதே அரசியல் சட்டக் கோர்ட் அதே வருஷம் அதைச் செல்லாததாக்கியது. 2017-ல் மகன் ஆண்டிகா துணைக் கவர்னரானார். 2022-ல் தாயார் பரோலில் வெளியே வந்தார்.

2024-ல் ஜனங்கள் பதில் சொன்னார்கள். கவர்னர் பதவிக்கு நின்ற ஐரின் தோற்றார். செராங் ஜில்லாத் தலைவர் பதவிக்கு நின்ற ஆண்டிகாவும் தோற்றார். ஆனால் அவரை வென்றவர் ஒரு மத்திய மந்திரியின் மனைவி! மந்திரி தலையிட்டார் என்று கோர்ட் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. 2025-ல் அதிலும் அவரே ஜெயித்தார்.

ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு இன்னொரு குடும்பத்தை ஏற்றிவிட்டால் பாலம் வராது. ஆஸ்பத்திரிக்குக் கருவியும் வராது. ஓட்டுப் போட்ட கை, மறுநாளே டெண்டர் கணக்கையும் கேட்க வேண்டும். யாருக்கு, என்ன விலைக்கு, எதற்காக என்று ஒவ்வொரு கண்ட்ராக்டுக்கும் சந்தையில் நின்று கேட்கும் ஜனங்கள் இருந்தால்தான் அதிகாரம் குடிசை வாசலுக்கு வரும். பாண்டென் தரும் பாடம் இதுதான்.