பெயரிலே சத்தியம், பேரேட்டிலே பொய்!

ஐதராபாத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சத்தியம் கம்பியூட்டர் கம்பனியின் கதையை இத்தலைப்பிலேயே அடக்கிவிடலாம். “அது இந்தியாவில் நடந்தது, நமக்கென்ன?” என்று கேட்போர் உளர். அதே 2008 டிசம்பரில் நம் நாட்டில் கோல்டன் கீ கம்பனி வீழ்ந்து, ஆயிரக்கணக்கான வைப்பாளர் கலங்கி நின்றதை மறந்தோமா? தம் உழைப்பைப் பிறர் கணக்கை நம்பி ஒப்படைத்துள்ள அனைவருக்கும் இதிலே பாடம் உண்டு.

2009 ஜனவரி 7ஆந் திகதி சத்தியத்தின் தலைவர் இராமலிங்க ராஜு தம் பணிப்பாளர் சபைக்குக் கடிதம் எழுதினார். கையிலும் வங்கியிலும் உள்ளதாகக் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாவில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இல்லாத வட்டி 376 கோடியும் ஏட்டில் ஏறியிருந்தது. பிறவாத பசுவுக்குப் பாற்கணக்கு எழுதினர்! அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்காற் பங்குக்கு மேல் சரிந்தது.

ஒரு மனிதனின் பேராசை என்று கூறித் தப்பப் பார்ப்போருக்கு ஒரு கேள்வி. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொய் விலைச்சிட்டைகளை ஒருவரா எழுதினார்? பணிப்பாளர் சபையிலே உலகறிந்த பேராசிரியர்கள் வீற்றிருந்தனர். ராஜு குடும்பத்தாரின் மேதாஸ் கம்பனிகளை 160 கோடி டொலருக்கு வாங்க 2008 டிசம்பரில் அச்சபை இசைந்தது. சத்தியத்தின் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கினால் வரும் பெயரே மேதாஸ்! பங்குதாரர் கொதித்தெழுந்த பின்னரே அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் நல்ல நிருவாகத்துக்கான தங்க மயில் விருதும் இக்கம்பனிக்கே கிடைத்தது.

கணக்காய்வாளர் செய்தது யாது? உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வோட்டர்ஹவுசின் இந்திய நிலையத்தார் ஆண்டுதோறும் கையொப்பமிட்டனர். வங்கி இருப்பை உறுதி செய்யும் கடிதங்களை அனுப்பும் பொறுப்பையும் பெறும் பொறுப்பையும் கம்பனியிடமே விட்டிருந்தனர் என்று அமெரிக்க அதிகாரிகள் 2011இல் கண்டறிந்து, 75 இலட்சம் டொலர் தண்டம் அறவிட்டனர். பெட்டியிலே பணம் இருக்கின்றதா என்று திருடனையே கேட்டு வருவதற்கா ஒரு பட்டம்? வெங்காயம் நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணாற் பாராத கமக்காரன் நம்மூரில் உண்டோ? அவனுக்குள்ள விழிப்பு பட்டம் பெற்ற கணக்காளருக்கு இல்லாமற் போனது ஏன்?

கூலி கொடுப்பவர் எவரோ அவரைச் சோதிப்பதே வேலையாக இருப்பதுதான் காரணம். கடுமையாகக் கேட்டால் அடுத்த ஆண்டு வேலை போகும். கண்ணை மூடினால் நிலைக்கும். சிறு இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்காண்டு பெருகிவிட்டது என்பது ராஜுவின் சமாதானம். அது உண்மையாயின், முதலாண்டிலேயே ஒரு கணக்காய்வாளர் பேனாவைக் கீழே வைத்திருந்தால் பொய் அன்றே மடிந்திருக்குமன்றோ!

2015 ஏப்ரலில் ராஜு முதலிய பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; அவர்களுள் இருவர் முன்னாட் கணக்காய்வாளர். அடுத்த மாதமே தண்டனை நிறுத்தப்பட்டு அவர்கள் பிணையில் வெளிவந்தனர்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வங்கியின் உறுதிக் கடிதம் கம்பனியின் கைபடாது கணக்காய்வாளரை அடைதல் வேண்டும். ஒரே கணக்காய்வாளர் ஆண்டாண்டாக ஒட்டிக்கொண்டிருத்தல் ஒழிய வேண்டும். கையொப்பமிட்டவர் தம் சொந்தப் பொறுப்பில் விடை கூற வேண்டும்.

படித்த பெருமக்களே, உங்கள் கையொப்பத்தை நம்பியே ஏழையின் சேமிப்பு உறங்குகின்றது. கமக்காரப் பெருமக்களே, உங்கள் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். வங்கிப் புத்தகத்தைக் காட்டு என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று, கேளாமல் இருப்பதே பெருங்குற்றம்!